18.2 கிலோஹெர்ட்ஸில் சூரியனைக் கவனிக்கலாம்: வீட்டில் ஒரு விஎல்எஃப் நிலையம் அமைக்க முழு வழிகாட்டி

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்கென்று கட்டி, 1990-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த நிலையம் அது. விடிஎக்ஸ் என்ற அழைப்புக்குறி கொண்ட அதன் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை, அதாவது விஎல்எஃப் என்னும் மிகக் குறைந்த அதிர்வெண் அலை, தமிழ்நாட்டின் அத்தனை மொட்டை மாடிகளையும் தாண்டித்தான் போகிறது. அந்தச் செய்தியில் நமக்கு வேலை இல்லை. அது மறையாக்கம் செய்யப்பட்டது, அதைப் பிரித்துப் பார்க்க முயலவும் கூடாது. ஆனால் அந்த அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதை மட்டும் சில நொடிகளுக்கு ஒருமுறை அளந்து வைத்தால், சூரியனில் வெடிப்பு நடந்த நேரம் உங்கள் லேப்டாப் திரையில் ஒரு மேடாக எழுந்து நிற்கும்.

ஹாம் என்று சொல்லப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் குறைந்த அதிர்வெண்களில் செய்கிற சோதனைகளிலேயே இதுதான் எளிதானது. எதையும் ஒலிபரப்பப் போவதில்லை. பெரிய கோபுரமும் வேண்டாம். வேண்டியது ஒரு மீட்டர் அளவில் ஒரு கம்பிச் சட்டம், ஒரு யுஎஸ்பி சவுண்டு கார்டு, பழைய லேப்டாப், அப்புறம் மின்சார இரைச்சல் இல்லாத ஒரு மூலை. இந்தக் கடைசிப் பொருள்தான் கடையில் கிடைக்காது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் மின்சுற்றைவிட இடத்தைப் பற்றி அதிகம் சொல்லியிருக்கிறேன்.

சூரியனுக்கும் இந்த அலைக்கும் என்ன தொடர்பு

18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 16.5 கிலோமீட்டர். கடல் நீர் இந்த அலையை உடனே விழுங்கிவிடாது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போகும். எஃப்எம் அலை அந்த ஆழத்தில் எப்போதோ செத்துப் போயிருக்கும். கடற்படைகள் இந்த அலைவரிசையை விடாமல் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

நிலத்துக்கு மேலே இந்த அலை இரண்டு சுவர்களுக்கு நடுவில் போகிறது. கீழே பூமி. மேலே, மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் அடித்தட்டான டி அடுக்கு. பகலில் அந்த மேல் சுவர் சுமார் 70 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். சூரியனின் புற ஊதாக் கதிர் அங்குள்ள நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளை அயனியாக்குவதால் உண்டாகும் அடுக்கு அது. சூரியன் மறைந்ததும் கலைந்து போகும். இரவில் அலை 85, 90 கிலோமீட்டர் உயரத்தில்தான் திரும்பும்.

சூரியனில் வெடிப்பு நடந்தால் அதிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இங்கே வந்துவிடும். பகல் பக்கத்தில் டி அடுக்கு சட்டென்று அடர்த்தியாகி, மேல் சுவர் சில கிலோமீட்டர் கீழே இறங்கும். அலை வந்து சேரும் பாதை மாறும், பலமும் மாறும். வெடிப்பு தணிந்ததும் அடுக்கு மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் கோடு செங்குத்தாக ஏறி, சாய்வாக இறங்கும். வெளிநாட்டு ஹாம்கள் இந்த வடிவத்தைச் சுறாத் துடுப்பு என்கிறார்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பெயர் மறக்காது.

புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கேம்பிரிட்ஜில் பிரேஸ்வெல், ஸ்ட்ரேக்கர் இருவரும் இங்கிலாந்தின் ரக்பி நிலையம் அனுப்பிய 16 கிலோஹெர்ட்ஸ் அலையை வைத்து இதே வேலையைச் செய்து 1949-இல் எழுதினார்கள். கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம் விடிஎக்ஸ் அலையை வைத்தே பல ஆண்டுகளாக ஆய்வு செய்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கிய சூப்பர்சிட் கருவியும் இதே அடிப்படையில் இயங்குவதுதான்.

எந்த நிலையத்தைப் பிடிப்பது

விஜயநாராயணத்திலிருந்து மதுரை சுமார் 175 கிலோமீட்டர், கோவை 300, சென்னை 590. யாழ்ப்பாணமும் கொழும்பும் ஏறத்தாழ 285. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நிலையத்துக்கு மிக அருகில் இருந்தால் தரையை ஒட்டி நேராக வரும் அலையே மேலோங்கி நிற்கும். மேலே போய்த் திரும்பும் பங்கு அதில் சிறியது. சூரியன் தொடுவது அந்தத் திரும்பும் பங்கைத்தான். ஆகவே நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில்காரர்களுக்கு விடிஎக்ஸ் அபாரமாகக் கேட்கும், ஆனால் வெடிப்பைக் காட்டுவதில் சோம்பேறி. தொலைவு கூடக் கூட நிலைமை மாறும்.

அதனால் இரண்டாவது நிலையம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் எக்ஸ்மவுத் அருகே ஹெரால்டு ஹோல்ட் கடற்படைத் தொடர்பு நிலையம் இருக்கிறது. அழைப்புக்குறி என்டபிள்யூசி, அதிர்வெண் 19.8 கிலோஹெர்ட்ஸ், திறன் ஒரு மெகாவாட். சென்னையிலிருந்து ஏறத்தாழ 5,360 கிலோமீட்டர். பாதை பெரும்பாலும் கடல் மேலேயே என்பதால் நன்றாக வந்து சேரும். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சூரியனைப் பார்க்க என்டபிள்யூசிதான் முதல் தேர்வு, விடிஎக்ஸ் அதற்குத் துணை. மூன்றாவதாக ஜப்பானின் எபினோவிலிருந்து வரும் ஜேஜேஐ, 22.2 கிலோஹெர்ட்ஸ். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

காசு செலவழிக்கும் முன் கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. கிவிஎஸ்டிஆர் என்ற வகை ரிசீவர்களை உலகம் முழுக்க ஹாம்கள் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். அவை 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யும். ஆசியப் பக்கம் உள்ள ஒன்றைத் திறந்து, 15 முதல் 25 கிலோஹெர்ட்ஸ் வரை, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்பதை நேரத்தோடு காட்டும் நீர்வீழ்ச்சிப் படத்தில் பாருங்கள். நெட்டுக்குத்தாக நிற்கும் தடித்த பட்டைகள்தான் இந்த நிலையங்கள். உங்கள் வீட்டிலும் இதே காட்சி வர வேண்டும் என்பது மனதில் பதியட்டும்.

முதல் வேலை: இரைச்சல் வேட்டை

ஆண்டெனா கட்டும் முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, நாம் கேட்கப் போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இயங்குகிறது. அது ஓடும்போது ஜேஜேஐ பக்கம் எதையும் பார்க்க முடியாது. எல்இடி பல்புகளின் டிரைவர், மொபைல் சார்ஜர், பிஎல்டிசி மின்விசிறி, இன்வெர்ட்டர், சோலார் பேனலின் கன்ட்ரோலர் எல்லாமே உள்ளுக்குள் சுவிட்சிங் சர்க்யூட் வைத்திருப்பவை. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியதும் படம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சத்தம் இல்லாத இடத்தைத் தேட நேர்த்தியான வழி இது. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி, தற்காலிகமாகச் சுற்றிய ஒரு சிறிய கம்பிச் சுருளை மைக் உள்ளீட்டில் மாட்டி, ஒவ்வோர் அதிர்வெண்ணின் பலத்தையும் காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தைத் (அதற்கான மென்பொருள் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) திறந்து வைத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வோர் இடத்திலும் நில்லுங்கள். மாடிப்படி அடி, குளியலறைப் பக்கம், தண்ணீர்த் தொட்டி அருகே, தோட்டத்து மூலை. ஓரிரு மீட்டர் நகர்ந்தாலே இரைச்சல் பாதியாகும் இடங்கள் இருக்கும். சுவருக்குள் ஓடும் வயரிங், ஈபி மீட்டர் பெட்டி, தெருக் கம்பம் இவற்றிலிருந்து எவ்வளவு விலகுகிறீர்களோ அவ்வளவு நல்லது. ஆண்டெனாவை இரண்டு மடங்கு பெரிதாக்குவதைவிட, அதே ஆண்டெனாவைப் பத்து மீட்டர் தள்ளி வைப்பது பல வீடுகளில் அதிகப் பலன் தரும். சட்டம் பெரிதானால் இரைச்சலையும் அது சேர்த்தே வாங்கும் அல்லவா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கச் செயலாளரிடம் பேசி மொட்டை மாடியில் ஒரு மூலையைக் கேட்டுப் பாருங்கள். லிஃப்ட் மோட்டார் அறையை விட்டு எதிர் மூலை.

சட்டமும் சுருளும்

மரச்சாமான் கடையில் கிடைக்கும் ரீப்பர் கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றும் 1.42 மீட்டர். நடுவில் ஒரு போல்ட் போட்டுக் கூட்டல் குறி மாதிரி இணைத்தால், நான்கு முனைகளையும் தொட்டுச் சுற்றும் கம்பி ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரமாகும். பிவிசி குழாயிலும் செய்யலாம். அலுமினியத்திலோ இரும்பிலோ முழுச் சதுரமாகச் சட்டம் செய்யாதீர்கள். மூடிய உலோக வளையம் தானே ஒரு சுற்றாக மாறி, வருகிற அலையைத் தின்றுவிடும்.

கம்பிக்கு மோட்டார் வைண்டிங் செய்யும் கடைக்குப் போங்கள். 22 கேஜ் எனாமல் செம்புக் கம்பி, 120 மீட்டர். கடையில் எடை போட்டுத்தான் தருவார்கள். 430 கிராம் வரும், அரைக் கிலோவாக வாங்கிவிட்டால் போதும். இந்தத் திட்டத்தில் பெரிய செலவு இதுதான்.

முனைகளில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டு போட்டு, வெட்டின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். கூரான விளிம்பில் எனாமல் உரிந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருவர் கம்பி உருளையை ஒரு குச்சியில் மாட்டிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சுற்ற வேண்டும். தனியாகச் செய்தால் கம்பி சிக்கு விழும், கோபம்தான் மிச்சம். 30 சுற்று. ஐந்து சுற்றுக்கு ஒருமுறை ஒரு நூலைக் கட்டிவிட்டால் எண்ணிக்கை தப்பாது. நேர்த்தியாக அடுக்க வேண்டியதில்லை. கொத்தாக இருந்தாலும் சரி.

இரண்டு முனைகளிலும் எனாமலை பிளேடால் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகு மல்டிமீட்டரை வையுங்கள். 5 ஓம் சொச்சம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, இல்லை எனாமல் முழுதாகப் போகவில்லை. 5-க்கு வெகுவாகக் குறைந்தால் நடுவில் எங்கோ சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சரியாக இருந்தால் சுருள் முழுவதற்கும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வெயிலில் எனாமல் வெடிப்பு விடும். முனைகள் கேபிளோடு சேரும் இடத்தை ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் வைத்து, கேபிள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்குமாறு மாட்டினால் மழைக்குக் கவலையில்லை.

இந்தச் சுருளின் இண்டக்டன்ஸ் 2.5 முதல் 3 மில்லிஹென்றி வரை வரும். குறுக்கே 25 நானோஃபாரட் அளவுக்கு ஒரு கெபாசிட்டர் போட்டால் 19 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்ந்து, சிக்னல் பல மடங்கு கூடும். பலர் இதைத்தான் முதலில் செய்வார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. ஒத்ததிரும் சுருள் சில நூறு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மட்டுமே நன்றாக வேலை செய்யும், அதனால் 18.2, 19.8 இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. மாடி வெயிலில் கெபாசிட்டரின் மதிப்பு நகர்ந்தால் அதுவும் மத்தியானத்தில் ஒரு போலி மேடாகப் பதிவாகும். கெபாசிட்டர் போடாத சுருளோடு, அதன் சிக்னலைப் பெருக்கித் தரும் ஒரு நல்ல முன்பெருக்கி இருப்பதே நிம்மதி.

முன்பெருக்கி

மதுரைக்குத் தெற்கே விடிஎக்ஸை மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சுருளை ஒரு 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக நேரே மைக் உள்ளீட்டில் கொடுத்தாலே கோடு தெரியும். ஆஸ்திரேலியாவிலிருந்து வருவதற்கு 100 மடங்கு பெருக்கம் வேண்டும்.

என்இ 5532 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) சென்னை ரிச்சி தெருவிலும் எந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். பழைய 741-ஐப் பயன்படுத்தாதீர்கள். 100 மடங்கு பெருக்கும்போது அதன் வேகம் 10 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நமக்கு வேண்டியதோ அதற்கு மேலே.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி யுபிஎஸ் பேட்டரி. இந்தச் சுற்று இழுப்பது 10 மில்லிஆம்பியர் அளவுதான், ஒரு சார்ஜில் மூன்று வாரத்துக்குக் குறையாமல் ஓடும். சார்ஜர் அடாப்டரில் ஓட்டலாமே என்று தோன்றும். அந்த அடாப்டரின் சுவிட்சிங் இரைச்சலையும் சேர்த்து 100 மடங்கு பெருக்கிக் கேட்க வேண்டியிருக்கும்.

சுற்று இப்படி. இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்களால் 12 வோல்ட்டை 6 ஆகப் பிரித்து, அந்த நடுப்புள்ளிக்கும் தரைக்கும் இடையில் 100 மைக்ரோஃபாரட் போடுங்கள். சுருளின் ஒரு முனை இந்த நடுப்புள்ளிக்கு. மறுமுனை 1 கிலோஓம் வழியாக ஆப்-ஆம்ப்பின் பிளஸ் உள்ளீட்டுக்கு. பிளஸ் உள்ளீட்டிலிருந்து நடுப்புள்ளிக்கு 1 நானோஃபாரட். பக்கத்தில் இருக்கும் மீடியம் வேவ் வானொலி நிலையம் உள்ளே புகாமல் இது தடுக்கும். வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு 100 கிலோஓம், மைனஸ் உள்ளீட்டிலிருந்து நடுப்புள்ளிக்கு 1 கிலோஓம். வெளியீட்டில் 10 நானோஃபாரட் கெபாசிட்டரும் 1 கிலோஓமும் வரிசையாகப் போட்டு அங்கிருந்து கேபிளுக்கு. 10 நானோஃபாரட் என்பது வேண்டுமென்றே சிறியது: வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அதைத் தாண்டி வர முடியாது. சிப்பில் இரண்டாவது ஆப்-ஆம்ப் சும்மா இருக்கும். அதன் வெளியீட்டை அதன் மைனஸோடு சேர்த்து, பிளஸை நடுப்புள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள்.

முன்பெருக்கி சட்டத்தின் அடியிலேயே இருக்கட்டும். அங்கிருந்து வீட்டுக்குள் ஷீல்டு போட்ட மைக் கேபிள், 10 மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம்.

லேப்டாப் பக்கம்

லேப்டாப்பில் உள்ள ஒற்றைத் துளை ஹெட்செட் ஜாக்கோடு போராடாதீர்கள். மைக் மாட்டியிருக்கிறதா என்று அது தானே சோதித்து, நம் கேபிளைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. தனி மைக் துளை உள்ள யுஎஸ்பி சவுண்டு கார்டு வாங்குங்கள். சவுண்டு கார்டு ஒரு நொடிக்கு எத்தனை மாதிரி எடுக்கிறதோ, அதில் பாதி வரைதான் கேட்கும். 48,000 என்றால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை. விடிஎக்ஸுக்கும் என்டபிள்யூசிக்கும் இது போதும், ஜேஜேஐ விளிம்பில் நிற்கும். 96,000 எடுக்கும் கார்டு கிடைத்தால் நிம்மதி. எந்தக் கார்டானாலும் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், படத்தில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவுக் கார்டுகள் சில 48,000 என்று சொல்லிவிட்டு 16 கிலோஹெர்ட்ஸிலேயே வெட்டிவிடும்.

லேப்டாப்பின் இரைச்சல் கேபிள் வழியாகத் திரும்பி ஏறினால், கார் ஸ்டீரியோ கடையில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டு வாங்கி நடுவில் மாட்டுங்கள்.

விண்டோஸில் மைக் அமைப்புகளுக்குள் போய், இரைச்சல் நீக்கம், எக்கோ நீக்கம், தானியங்கி ஒலி அளவு எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் மொத்தச் சோதனையும் வீண். மனிதப் பேச்சைத் தெளிவாக்குவதற்காக எழுதிய அந்த மென்பொருள், மாறாமல் ஒலிக்கும் நம் அலையைத் தேவையற்ற இரைச்சல் என்று முடிவுகட்டி அழித்துவிடும்.

மென்பொருளுக்கு இரண்டு வழி. ஸ்பெக்ட்ரம் லேப் இலவசம், விண்டோஸில் ஓடும், பார்க்கக் கொஞ்சம் பயமுறுத்தும். ஆனால் குறிப்பிட்ட அதிர்வெண்களின் பலத்தை நேரத்தோடு கோப்பில் எழுதித் தரும். சூப்பர்சிட் பைத்தானில் எழுதப்பட்டது, ராஸ்பெரி பை-யில் ஓட்ட வசதி. மாதக்கணக்கில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பை நல்லது. லேப்டாப்பை யாராவது மூடிவிடுவார்கள்.

சிக்னல்தானா என்று உறுதி செய்வது

எல்லாம் இணைத்து, படத்தில் 18.2-இலும் 19.8-இலும் சுமார் 200 ஹெர்ட்ஸ் அகலத்தில் பட்டை தெரிந்தால், உடனே பதிவைத் தொடங்காமல் சட்டத்தைச் சுழற்றிப் பாருங்கள். இந்த வகை ஆண்டெனாவின் தளம் நிலையத்தை நோக்கியிருந்தால் பலம் அதிகம். முகப்பு நிலையத்தை நோக்கியிருந்தால் ஏறக்குறைய மறைந்துவிடும். சென்னையிலிருந்து பார்த்தால் விடிஎக்ஸ் தென்மேற்குப் பக்கம் சற்றே சாய்ந்த தெற்கில், என்டபிள்யூசி நேர் தென்கிழக்கில். ஒன்று ஏறும்போது மற்றது இறங்க வேண்டும். எப்படிச் சுழற்றினாலும் மாறாத கோடு ஏதாவது இருந்தால், அது சுருள் வழியாக வரவில்லை. கேபிளிலோ லேப்டாப்பிலோ உள்ளே புகுகிறது.

கடைசியில் சட்டத்தை என்டபிள்யூசி பக்கம் நிறுத்திக் கட்டிவிடுங்கள். விடிஎக்ஸ் பலமானது, கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும். மைக் அளவை, மிகப் பலமான நேரத்திலும் மீட்டர் பாதியைத் தாண்டாதபடி வைத்து, அப்புறம் அதைத் தொடவே கூடாது. அளவு மாறினால் நேற்றைய கோட்டோடு இன்றைய கோட்டை ஒப்பிட முடியாது.

மூன்று கோடுகள்

பதிவில் இரண்டு நிலையம் போதாது, மூன்றாவதாக ஒரு காலி அதிர்வெண்ணையும் சேருங்கள். 19.0 கிலோஹெர்ட்ஸ் போல எந்த நிலையமும் தெரியாத இடம். இந்த ஒரு வரி, பின்னால் எத்தனையோ குழப்பத்தைத் தீர்க்கும். மூன்று கோடும் ஒன்றாக எகிறினால் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஏதோ ஓடத் தொடங்கியிருக்கிறது, இல்லை மின்னல். ஒரு நிலையம் மட்டும் சுவர் மாதிரி விழுந்து காலிக் கோட்டோடு சேர்ந்துகொண்டால் அங்கே டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டார்கள்; பராமரிப்புக்காக அடிக்கடி நடப்பதுதான். இரண்டு நிலையங்களும் ஒரே நிமிடத்தில் அசைந்து, காலிக் கோடு அசையாமல் இருந்தால் சூரியனைச் சந்தேகிக்கலாம்.

ஐந்து நொடிக்கு ஒரு பதிவு போதும். நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசி-யில் எழுதுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி குறைவு. கணினியின் கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

முதல் சில நாட்கள் வெடிப்பைத் தேடாதீர்கள். சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும். விடியும்போது கோடு பள்ளமும் மேடுமாக ஆடி, வெயில் ஏறியதும் வழுவழுப்பான வளைவாக அமையும். மாலையில் மறுபடி ஆடும். இரவு முழுக்க அலைபாயும். என்டபிள்யூசி பாதையில் ஆஸ்திரேலியாவில் முதலில் விடிந்து முதலில் இருட்டுவதால் இந்த ஆட்டம் நம் விடியலுக்கு முன்பே தொடங்கும், நம் மாலைக்கு முன்பே தொடங்கிவிடும். சில அமைதியான நாட்களின் பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் உங்கள் வீட்டுக்கே உரிய ஒரு வளைவு கிடைக்கும். அதிலிருந்து விலகுவதுதான் செய்தி.

சித்திரை, வைகாசி மாலைகளில் இடிமழையும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் படத்தை மின்னல் கீறல்களால் நிரப்பும். காலை நேரம் தெளிவாக இருக்கும். பக்கத்தில் இடி கேட்டால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். அன்றைய பதிவு போனால் போகட்டும்.

வெடிப்பைச் சரிபார்ப்பது

அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் சூரியனின் எக்ஸ் கதிரை இடைவிடாமல் அளக்கின்றன. அந்த வரைபடத்தை அந்நாட்டு விண்வெளி வானிலை மையம் இலவசமாகத் தருகிறது. வெடிப்புகளுக்கு சி, எம், எக்ஸ் என்று வகுப்பு. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பத்து மடங்கு. அமைதியான வீட்டில் சி வகுப்பின் மேல்பாதியிலிருந்து தெரியத் தொடங்கும், எம் வகுப்பு தவறாது. உங்கள் உச்சம் செயற்கைக்கோளின் உச்சத்துக்குச் சில நிமிடங்கள் பின்னால் வந்தால் அது கடிகாரத்தின் தவறு அல்ல. டி அடுக்கு அவ்வளவு வேகமாக இயங்குவதில்லை. இந்தத் தாமதத்தையே அளப்பது அடுத்த நிலைச் சோதனை.

எந்த வெடிப்பு தெரியும், எது தெரியாது என்பதை 2024-இன் மூன்று நிகழ்வுகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மே 11 அன்று எக்ஸ் 5.8 வெடிப்பு உச்சம் தொட்டது யுடிசி 01:23. நமக்குக் காலை 6:53, எக்ஸ்மவுத்தில் 9:23. பாதை முழுக்க வெயில். என்டபிள்யூசியைப் பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. மூன்று நாள் கழித்து மே 14-இல் எக்ஸ் 8.7 வந்தது, அதைவிடப் பெரியது. ஆனால் யுடிசி 16:51, அதாவது நமக்கு இரவு 10:21. இங்கே டி அடுக்கே கிடையாது, கோட்டில் அதன் தடம் தேடுவது வீண் வேலை. அக்டோபர் 3-இன் எக்ஸ் 9.0 சுவாரசியமானது. யுடிசி 12:18, நமக்கு மாலை 5:48. என்டபிள்யூசி பாதையின் பெரும்பகுதி இருட்டிவிட்டது. விடிஎக்ஸ் பாதையில் மட்டும் அந்திச் சூரியன் மிச்சம். இரண்டு நிலையம் வைத்திருப்பதன் அருமை இந்த மாதிரி நேரங்களில்தான் தெரியும்.

மேடு எப்போதும் மேல்நோக்கித்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தரை வழி வரும் அலையும் மேலிருந்து திரும்பும் அலையும் சேரும் விதத்தைப் பொறுத்து, சில ஊர்களில் அதே வெடிப்பு பள்ளமாக விழும். உங்கள் ஊரில் விடிஎக்ஸ் எந்தப் பக்கம் அசைகிறது என்பதை முதல் இரண்டு மூன்று எம் வகுப்பு வெடிப்புகளே சொல்லிவிடும்.

அனுப்பிப் பார்க்க ஆசை வந்தால்

ஹாம்களுக்கென்று உலக அளவில் ஒதுக்கியுள்ள குறைந்த அதிர்வெண்கள் இரண்டு: 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ், 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ். முதலாவதை 2007 உலக வானொலி மாநாடும், இரண்டாவதை 2012 மாநாடும் தந்தன. கதிர்வீச்சுத் திறன் அங்கே ஒரு வாட் என்ற அளவில்தான். 137 கிலோஹெர்ட்ஸில் கால் அலை ஆண்டெனா என்பது ஏறக்குறைய 550 மீட்டர் உயரம். அவ்வளவு உயரம் கட்ட முடியாது என்பதால், பெரிய சுருளைப் போட்டுக் குட்டையான கம்பியை ஏமாற்றி வேலை வாங்குகிறார்கள். போட்ட திறனில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். இந்தியாவில் இதற்கு மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் ஏஎஸ்ஓசி என்ற ஹாம் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், அந்த உரிமத்தில் எந்தெந்த அதிர்வெண்கள் எழுதியிருக்கின்றனவோ அவற்றில் மட்டும்தான் அனுப்பலாம். அதுவரை இந்தச் சட்டமே போதும். சவுண்டு கார்டுக்குப் பதில் தகுந்த எஸ்டிஆர் (மென்பொருள் வழி இயங்கும்) ரிசீவரை மாட்டினால் அந்த அலைவரிசைகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

கடற்படை நிலையம் பற்றி ஒரு வார்த்தை. விஜயநாராயணம் பாதுகாப்புப் பகுதி. கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று கருவியோடு அந்தப் பக்கம் போகாதீர்கள், தேவையும் இல்லை.

கிரகணத்துக்குத் தயாராக

சூரிய கிரகணத்தில் இதே சோதனை தலைகீழாக நடக்கும். கதிர் குறைந்து, மேல் சுவர் உயர்ந்து, கோடு இரவின் அளவை நோக்கி நகரத் தொடங்கும். 2009 ஜூலை 22 முழுக் கிரகணத்தின்போது இந்தியாவின் பல ஊர்களில் விடிஎக்ஸ் அலையை இப்படிப் பதிவு செய்தார்கள். அடுத்து 2031 மே 21 அன்று கேரளம், தமிழ்நாடு வழியாக வளையக் கிரகணம் போகிறது. விடிஎக்ஸ் நிலையத்துக்கும் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கும் இடையிலான குட்டையான பாதை முழுதும் அன்று ஆழமான நிழலுக்குள் இருக்கும்.

அன்று ஒரு நாள் பதிவு செய்தால் போதாது. முன்னும் பின்னும் ஒரு வாரம் அதே மைக் அளவில், சட்டத்தை அசைக்காமல் ஓட விட்டிருந்தால்தான் கிரகண நாளின் வளைவை வேறெதோடாவது வைத்துப் பார்க்க முடியும். பேட்டரியை முந்தைய நாள் மாலையே முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். லேப்டாப்பில் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகும் வசதியையும் அந்த வாரத்துக்கு அணைத்து வையுங்கள்.